ஒரு பாகம் பிலிமும் ஒரு சிவப்புத் தாடியும்

வினாகிரி மணம் மூக்கில் பட்டால் உலகத்தில் எல்லோருக்கும் வாயூறும். எனக்குக் கை அரிக்கும். நேற்றும் அப்படித்தான். பேத்தி அச்சாறு போடப்போகிறேன் என்று குசினியில் போத்தலைத் திறந்தாள். முன் விறாந்தையில் பேப்பர் பார்த்துக்கொண்டிருந்த நான் இரண்டு கைகளையும் சொறியத் தொடங்கிவிட்டேன்.

"என்ன மூத்தாப்பா, எறும்பு கடிச்சிட்டா?" என்றாள்.

எறும்புமில்லை, ஒரு மண்ணுமில்லை. அறுபது வருஷத்துக்கு முந்திய அரிப்பு அது. படம் கழுவுகிற மருந்து ஒன்று கையில் பட்டால் அப்படி அரிக்கும். அந்த மருந்துப் பாத்திரத்துக்குப் பக்கத்துப் பாத்திரத்தில் தண்ணீர் கலந்த வினாகிரி இருக்கும். மருந்து செய்த வேலை போதும் என்று நிறுத்துவதற்கு அது. அரிப்பும் வினாகிரியும் என் மூளைக்குள் அப்போதே கலியாணம் முடித்துவிட்டன. இன்றுவரைக்கும் தலாக் இல்லை.

ஓம், நான் ஒரு காலத்தில் ஸ்டூடியோக்காரன். சிரிக்கவேண்டாம். கல்முனைக் கடைத்தெருவில் ஒரு தையல்கடையின் பின்பக்கம், அரைவாசி அறை. முன்பக்கத்தில் மெசின் கடகடக்கும், பின்பக்கத்தில் நான் ஈ ஓட்டிக்கொண்டிருப்பேன். சட்டைக்கு அளவு கொடுக்க வந்த யாராவது வழிதவறி உள்ளே வந்தால் பிடித்துக் கதிரையில் இருத்திப் படம் எடுத்து அனுப்பிவிடுவேன். எனக்கு வயது இருபத்திரண்டு. அந்த வயதில் ஒருவனுக்கு ஒரு கமராவும் கொஞ்சம் மீசையும் இருந்தால் அவன் கால் தரையில் நிற்காது.

கமரா என் கைக்கு வந்தது ஒரு கதை. கல்லோயா அணைக்கட்டு வேலைக்கு வந்திருந்த அமெரிக்கர் ஒருவரிடம், இங்கினியாகலையில், நான் சாமான் எழுதுகிற பொடியனாக இருந்தேன். அவருடைய பெயரை அங்கே ஒருவருக்கும் சரியாகச் சொல்ல வராது, எனக்கும்தான். நான் சொல்கிற விதத்தைக் கேட்டு அவர் சிரிப்பார். வேலை முடிந்து ஊருக்குப் புறப்பட்ட நாளில் கமராவைக் கழற்றி என் கழுத்தில் மாட்டிவிட்டு ஜீப்பில் ஏறிவிட்டார். கமரா தந்த மனிசன் பிலிம் தரவில்லை. இந்தப் பக்கத்துக் கடைகளில் கிடைத்ததெல்லாம் பெட்டிக் கமராவுக்குப் போடுகிற அகலப் பிலிம். என்னுடையதற்கோ இரண்டு கரையிலும் ஓட்டை ஓட்டையாய் இருக்கிற ஒடுக்கப் பிலிம் வேண்டும். அது கொழும்பிலிருந்து தபாலில் வரவேண்டும். வரும். வரும்போது வரும்.

இந்த நிலைமையில்தான் என் மச்சான் காசிம் பெருநாளைக்கு ஊருக்கு வந்தான். கொழும்பில் சினிமாப் படங்களுக்குப் பிரதி எடுக்கிற ஓரிடத்தில் அவனுக்கு வேலை. கக்கத்தில் சாறனால் சுற்றிய வட்டத் தகர டின் ஒன்று.

"என்ன மச்சான், மஸ்கத்தா?" என்று கேட்டேன், நாக்கில் நீர் ஊற.

"தின்னுறதிலேயே இரு. பிலிம்டா இது. சினிமாப் பிலிம். மிச்சத் துண்டுகள், எறியப் போனாங்க. உனக்கெண்டு கேட்டு வாங்கின."

"இது ஓடுற படத்துக்குள்ள பிலிம்தானே?"

"நீ நிப்பாட்டி எடு. நிக்கும்."

காசிமோடு கதைத்து வென்றவன் இல்லை. டின்னைத் திறந்து பார்த்தால், அதே ஒடுக்கம், அதே ஓட்டைகள். என் கமராவுக்கென்றே பெற்றுப்போட்டதுபோல் இருந்தது. அவன் இன்னொன்றும் சொன்னான். "இது சிவப்பு வெளிச்சத்துக்குப் பயப்படாது. சிவப்பு விளக்கை எரிய வெச்சிக்கிட்டே வெட்டிச் சுத்தலாம்." எனக்கென்றால் சந்தோஷம் தாங்கவில்லை. மற்றப் பிலிம்களைக் கும்மிருட்டில் குருடன் மாதிரித் தடவித் தடவிச் சுற்றவேண்டும். இதற்கு அரிக்கன் லாம்புக்குச் சிவப்புக் கண்ணாடிக் கடதாசி சுற்றிவிட்டால் போதும், வெற்றிலையும் போட்டுக்கொண்டு ஆறுதலாய் வேலை பார்க்கலாம். ஏன் பயப்படாது என்று நான் கேட்கவில்லை. கேட்டிருந்தால் இந்தக் கதை இல்லை.

கரைவலைக்காரர் கயிறு அளப்பதை நீங்கள் கண்டிருப்பீர்கள். இரண்டு கையையும் விரித்தால் ஒரு பாகம். நானும் அப்படித்தான் அளந்தேன். ஒரு பாகம் பிலிமை வெட்டிப் பழைய சுருள் கூட்டுக்குள் சுற்றினால் முப்பத்தாறு படம். கொஞ்சம் நெஞ்சை முன்னுக்குத் தள்ளி விரித்தால் முப்பத்தேழு. கையில் ஒரு டின் நிறையப் பாகங்கள். கல்முனையில் என்னைவிடப் பெரிய பணக்காரன் இல்லை என்று நினைத்துக்கொண்டேன்.

ஒரு குறை. அந்தப் பிலிம் பெருஞ்சோம்பேறி. நல்ல வெயிலில் ஆளை இருத்தி, கமராவைத் திறந்துவைத்து, ஒன்று, இரண்டு, மூன்று, நாலு என்று எண்ணவேண்டும். அதுவரைக்கும் ஆள் அசையக்கூடாது, கண் வெட்டக்கூடாது. சினிமாவில் குதிரை பாயவும் கத்தி வீசவும் செய்த பிலிம், என் கைக்கு வந்ததும் மனிசனைக் கல்லாக இருக்கச் சொன்னது. என் கைராசி அப்படி.

முதலில் பரீட்சை பார்க்கக் கடற்கரைக்குப் போய்த் தென்னை எடுத்தேன். தென்னையாகவே வந்தது. கடல் கடலாக வந்தது. வீட்டு வளவில் எங்கள் சிவப்புச் சேவலுக்கு அரிசி போட்டு, தலையைக் குனிந்திருந்த நேரம் பார்த்து எடுத்தேன். கழுவிப் பார்த்தால் படத்தில் நின்றது கரிக்கறுப்புச் சேவல். பக்கத்து வீட்டுக் கறுப்புச் சேவல் குறுக்கே வந்து எங்கள் அரிசியைத் தின்றுவிட்டது என்று முடிவுகட்டி, வேலிக்கு மேலால் பக்கத்து வீட்டாரோடு ஒரு வார்த்தையும் கதைத்துவிட்டேன். அவர்கள் என்னை ஒருமாதிரிப் பார்த்தார்கள். நான் அதைக் கவனிக்கவில்லை.

அந்த வாரம்தான் ஆதம்பாவாப் போடியார் ஆள் அனுப்பினார்.

போடியார் சாய்ந்தமருதில் வயலும் மாடும் உள்ள பெரிய மனிதர். என் உம்மாவுக்கு ஒன்றுவிட்ட நானா, அதனால் எனக்கு மாமா. பள்ளியில் முன்வரிசையில் நிற்பவர். அவருக்கு முந்தி அவருடைய தாடி வரும். வெள்ளைத் தாடிக்கு மருதோண்டி பூசிப் பூசி, செவ்விளநீர் நிறத்தில் நெஞ்சுவரைக்கும் தொங்கும். ஒவ்வொரு வியாழக்கிழமையும் அசர் தொழுகைக்குப் பிறகு பாத்தும்மா மாமி அம்மியில் மருதோண்டி அரைத்து, அவரைப் பலகையில் இருத்தி, தாடி முழுக்கத் தடவிவிடுவா. வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்கு அந்தத் தாடி வீதியில் வரும்போது எதிரே வருகிற மாட்டு வண்டிலும் ஒதுங்கும்.

அந்தப் போடியாருக்குப் படம் என்றாலே ஆகாது. உருவப்படம் உள்ள வீட்டுக்கு வானத்து மலக்குகள் வரமாட்டார்கள் என்று, முடிவெட்டுகிற கடையில் தொங்கிய கலண்டரையே கழற்றவைத்தவர். என்னை வீதியில் கண்டால், "என்ன மருமகன், இன்னம் அந்த ஹறாமுத் தொழில்தானா?" என்று கேட்டுவிட்டுத்தான் ஸலாமே சொல்வார். அவர் ஏன் ஆள் அனுப்பினார் என்று குழம்பிக்கொண்டுதான் போனேன்.

"ஹஜ்ஜுக்குப் போக நிய்யத்து வெச்சிருக்கன்," என்றார். "பாஸ்போட்டுக்குப் படம் வேணுமாம். ஆலிமிட்டக் கேட்டன். கட்டாயமெண்டா எடுக்கலாமாம். என்னத்தச் செய்யிற, எடு. ஆனா மூண்டு படம் எண்டா மூண்டுதான். மிச்சம் சொச்சம், பிலிம், எல்லாம் என்ட கண்ணுக்கு முன்னால எரியோணும். வெளங்கிச்சா?"

"வெளங்கிச்சு மாமா. சத்தியமா எரிக்கிறன்," என்றேன்.

அது அவர் வைத்த முதல் நிய்யத்து இல்லை, ஊருக்கே தெரியும். இந்தப் பக்கத்து வழக்கம், பெண்பிள்ளைக்குக் கலியாணம் என்றால் வாப்பா வீடு கட்டிக் கொடுக்கவேண்டும். போடியாருக்கு நாலு குமர். ஹஜ்ஜுக்கென்று நெல்லை விற்று வைக்கிற ஒவ்வொரு முறையும் ஒரு குமருக்கு மாப்பிள்ளை சரிவரும், அந்த ஹஜ் ஒரு வீடாக மாறிவிடும். இப்படியே நாலு ஹஜ் நாலு வீடாகி வரிசையில் நின்றன. கடைக்குட்டியும் கரைசேர்ந்த பிறகு, அறுபத்தைந்து வயதில், இது ஐந்தாவது நிய்யத்து.

"இந்த முறை தப்பினா மறுகா நமக்கு ஹயாத்து இரிக்குமோ, ஆர் கண்ட," என்றார். ஆயுளைப் பற்றிச் சொல்லும்போது மட்டும் அந்தப் பெரிய குரல் இறங்கிப்போனது. அதைக் கேட்ட பிறகு, இந்தப் படத்தை ஒழுங்காக எடுக்காவிட்டால் நான் மனிசனே இல்லை என்று எனக்குள் சொல்லிக்கொண்டேன்.

அந்த வருஷம் வெள்ளமும் பெரிது. மழை விட்டு வெயில் எறிக்கத் தொடங்கினாலும் மட்டக்களப்புப் பாதை உடைந்து கிடந்தது. பஸ் இல்லை. பொதி ஏற்றாமல் கடிதப் பை மட்டும் அம்பாறைப் பக்கத்தால் சுற்றிப் போய்வந்தது. கொழும்பிலிருந்து எனக்கு வரவேண்டிய நல்ல பிலிம் எங்கேயோ ஈரத்தில் கிடந்தது. பரவாயில்லை, காசிமின் டின் இருக்கிறதே.

உச்சி வெயிலில், வளவுக்குள், வேலியில் வெள்ளைச் சீலை கட்டி, அதற்கு முன்னால் போடியாரைக் கதிரையில் இருத்தினேன். தலைப்பாகை, கோட்டு, வெற்றிலை போட்ட வாய். மாமி குசினிக் கதவுக்குப் பின்னால்.

"மாமா, அசையப்படாது. கண் வெட்டப்படாது. மூச்சும் விடாம இரிந்தா நல்லம்."

"மௌத்தான ஆளைத்தான் நீ படமெடுப்பாய் போல," என்றார்.

ஒன்று, இரண்டு என்று எண்ணினேன். மூன்றுக்கு ஒரு ஈ வந்து மூக்கு நுனியில் இருந்தது. ஒரு சொல்லுக்கு ஊரை நடுங்கவைக்கிற மனிதர், ஒரு ஈக்கு முன்னால் கையைக் கட்டிக்கொண்டு அசையாமல் இருந்தார். ஹஜ் என்றால் சும்மாவா. பத்திரத்துக்கு இன்னொரு முறையும் எடுத்துக்கொண்டு வந்தேன்.

படம் பெருப்பிப்பதற்கு என்னிடம் இருந்தது தேயிலைப் பெட்டி ஒன்று. யன்னல் ஓட்டையில் அதைப் பொருத்தினால் பகல் வெளிச்சமே விளக்கு. கடதாசியை மருந்துக்குள் போட்டுவிட்டுக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தேன். முதலில் தலைப்பாகையின் மடிப்பு வந்தது. பிறகு கண். பிறகு தாடி. வந்தது, வந்தது, வந்துகொண்டே இருந்தது. கறுப்பு என்றால் அப்படி ஒரு கறுப்பு. உதடும் கறுப்பு. முப்பது வயதுக் கட்டுமஸ்தான கடற்கொள்ளைக்காரன் ஒருவன் என்னைப் பார்த்து முறைத்துக்கொண்டிருந்தான்.

என் புத்தியைப் பாருங்கள். பயந்திருக்கவேண்டும். நானோ பூரித்துப்போனேன். மாமாவுக்கு முப்பது வயதைக் குறைத்துவிட்டோமே, கட்டிப்பிடித்துத் துஆக் கேட்பார் என்று மூன்று படத்தையும் காயவைத்து எடுத்துக்கொண்டு ஓடினேன்.

போடியார் படத்தைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். தன் தாடியைக் குனிந்து பார்த்தார்.

"அடே! எனக்குக் கறுப்புச் சாயமாடா பூசின?"

"இல்ல மாமா, அதுவா..."

"நரைக்குக் கறுப்புப் பூசப்படாதெண்டு பள்ளியில நானே நாலு பேருக்குச் சொன்ன. ஹஜ்ஜுக்குப் போற முகத்துல கரியைத் தடவிப்போட்டியே!"

குசினிக் கதவுக்குப் பின்னாலிருந்து ஒரு கை நீண்டது. மாமி ஒரு படத்தை வாங்கிப் பார்த்தா. பிறகு சிரிக்கத் தொடங்கினா. வாயைச் சீலையால் பொத்திக்கொண்டு, கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு சிரித்தா.

"என்னகா சிரிப்பு?" என்று போடியார் அதட்டினார்.

"ஒண்டுமில்ல. என்னைக் கலியாணம் முடிக்கக்குள்ள நீங்க அசல் இப்பிடித்தான் இரிந்தீங்க. நான் பயத்துல மூண்டு நாளாக் கதைக்கல்ல."

போடியார் படத்தைப் பறித்துக்கொண்டார். ஆனால் வேறு வழி இல்லை. பத்து நாளுக்குள் கடதாசிகள் கொழும்புக்குப் போய்ச் சேரவேண்டும். எங்கள் பகுதி அரசாங்க அதிகாரி டீ.ஆர்.ஓ. ஐயா படத்தின் முதுகில், இவர்தான் அவர் என்று எழுதிக் கையெழுத்து வைக்கவேண்டும். என்னையும் இழுத்துக்கொண்டு அவருடைய கந்தோருக்குப் போனார்.

டீ.ஆர்.ஓ. யாழ்ப்பாணத்து மனிதர், சட்டத்தைத் தலைமாட்டில் வைத்துக்கொண்டு தூங்குகிறவர். மூக்குக் கண்ணாடியை ஏற்றிப் படத்தைப் பார்த்தார்.

"இது ஆற்றை படம், போடியார்?"

"என்ட படம்தான் ஐயா."

"உங்கட தம்பியாரோ?"

"எனக்குத் தம்பி இல்ல. நான்தான் அது."

"அப்ப உங்கட முகத்தில இருக்கிறது என்ன?"

போடியார் என்னைத் திரும்பிப் பார்த்தார். அந்தப் பார்வைக்கு நான் இன்றைக்கும் பதில் தேடிக்கொண்டிருக்கிறேன். டீ.ஆர்.ஓ. படத்தை மேசைக்கு இந்தப் பக்கம் தள்ளிவிட்டார். "இந்த ஆளுக்கு முப்பத்தஞ்சு வயசு. இவரை நீங்கள் எண்டு எழுதினால் என்ர வேலை போயிடும். ஜித்தாவில இறங்கேக்க உங்களையும் மறிச்சுப்போடுவாங்கள். வேற படம் கொண்டுவாங்கோ." அவர் சொன்னதும் நியாயம்தான், என்ன செய்வது.

கந்தோர்ப் பியூன் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருப்பானா? நாங்கள் வீடு வந்து சேருவதற்குள் செய்தி சேர்ந்துவிட்டது. போடியார் தாடிக்குக் கறுப்படித்துப் படமெடுத்தாராம். ஏனாம்? இன்னொரு கலியாணத்துக்காம். பெண் ஒலுவிலிலாம். வெறும் வாயை மென்ற ஊருக்கு அவல் கிடைத்தமாதிரி. மருதமுனையிலிருந்து ஒரு மருமகன் சைக்கிளில் வந்து, மாமியாரைத் தனியே கூப்பிட்டு, "உண்மையா மாமி?" என்று கேட்டாராம். ஊர்வாயை மூட உலைமூடி உண்டா?

போடியார் அடுத்த இரண்டு நாள் பள்ளியில் பின்வரிசையில் நின்று தொழுதார். அதைக் கண்டபோது எனக்கு நெஞ்சு சுட்டது. அவர் ஏசியிருந்தால் தாங்கியிருப்பேன். ஏசவில்லை.

வீட்டில் சோறு இறங்கவில்லை. உம்மா கேட்டா, "என்ன மனே, உன்ட சேவல் சண்டை இன்னம் தீரல்லயா?"

"எந்தச் சேவல்?"

"பக்கத்து வீட்டாக்களோட கறுப்புச் சேவலுக்குச் சண்டை புடிச்சியாமே. அத அவங்க பெருநாளைக்கே அறுத்து ஆக்கித் தின்னுட்டாங்க. மௌத்தான சேவல் நம்மட அரிசியத் தின்னுட்டெண்டு கதைச்ச ஆளெண்டு உன்னைப் பாத்துச் சிரிக்கிறாங்க."

கவளம் கையில் நின்றுவிட்டது. கறுப்புச் சேவல் பெருநாளைக்கே முடிந்துவிட்டதென்றால், பெருநாள் கழித்து நான் எடுத்த படத்தில் நின்றது யார்? எங்கள் சிவப்புச் சேவல்தான். சிவப்புத்தான் கறுப்பாக விழுந்திருக்கிறது. வெற்றிலைச் சிவப்பு, மருதோண்டிச் சிவப்பு, சேவல் சிவப்பு எல்லாம். இந்தப் பிலிமுக்குச் சிவப்பென்ற நிறமே கண்ணுக்குத் தெரியாது. தெரியாததால்தானே சிவப்பு விளக்குக்குப் பயப்படவில்லை! அந்த விளக்கை நானே பக்கத்தில் எரியவைத்துக்கொண்டு, வெற்றிலையும் மென்றுகொண்டு, பாகம் பாகமாக அளந்திருக்கிறேன். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். நான் சேவலில் பிழை சொன்னவன்.

கையைக் கழுவாமல்கூடச் சாய்ந்தமருதுக்கு ஓடினேன். போடியார் முகத்தை மறுபக்கம் திருப்பிக்கொண்டு இருந்தார். நான் கதவைப் பார்த்து மாமிக்குச் சொல்கிறமாதிரி எல்லாவற்றையும் சொன்னேன். நல்ல பிலிம் வருவதற்கு வழி இல்லை, பாதை உடைந்து கிடக்கிறது, இருப்பது இந்தக் குருட்டுப் பிலிம்தான் என்றும் சொன்னேன்.

மாமி கதவிடுக்கால் கேட்டா. "அப்ப சிவப்பை மூடினாச் சரிதானே மருமகன்?"

"என்னத்தால மூடுற மாமி?"

"அரிசிமாவால."

போடியார் எழும்பிவிட்டார். "என்ட தாடிக்கு மாவா? நான் என்ன கொழுக்கட்டையா?"

"கேளுங்க," என்றா மாமி. கதவுக்குப் பின்னால்தான் நின்றா, ஆனால் குரல் முற்றத்துக்கு வந்துவிட்டது. "நரையைக் கறுப்பாக்கிறதுதானே கூடாது? நாம என்ன கறுப்பா பூசப்போற? நரையைத் திருப்பி நரையாக்கப்போற. இதுல எங்க குற்றம் கிடக்கு, செல்லுங்க?"

ஊரில் நூறு பேருக்கு மார்க்கம் சொன்ன மனிதர் அவர். தாடியைத் தடவினார். முகட்டைப் பார்த்தார். "நாலு வீடு கட்டியாச்சு," என்று தனக்குத்தானே சொன்னார். பிறகு கதிரையில் இருந்து கண்களை மூடிக்கொண்டார். சம்மதம்.

பிட்டுக்கு வறுத்துவைத்த மா. மாமி அதை அரிதட்டில் அரித்து, சுளகில் கொண்டுவந்தா. அந்த அவசரத்தில் கதவுக்குப் பின்னால் நிற்பதையும் மறந்துபோனா. தாடியை நனைத்து, மாவைத் தூவி, விரலால் கோதிக் கோதி விட்டா. உதட்டுக்கும் ஒற்றினா. போடியார் நக்கிவிட்டார். "நக்காதீங்க!" என்று மாமி அதட்டினா. அந்த வீட்டில் அப்படி ஒரு அதட்டலை நான் அதற்கு முன்னம் கேட்டதில்லை, போடியாரும் கேட்டிருக்கமாட்டார். உதட்டை நீட்டிக்கொண்டு இருந்தார்.

மேகம் வேறு திரண்டுகொண்டு வந்தது. வெயில் போனால் இந்தச் சோம்பேறிப் பிலிமுக்கு ஒன்றுமே விழாது. நான் கமராவுக்குப் பின்னால் நின்று வானத்தையும் தாடியையும் மாறி மாறிப் பார்த்தேன்.

ஒன்று. இரண்டு. மூன்று. மா மூக்குக்குள் போய்விட்டது. போடியார் தும்மினார். நெல் தூற்றுகிற களத்தில் எழும்புகிறமாதிரி ஒரு புகை. அல்ஹம்துலில்லாஹ் என்றார், அந்தக் கோபத்திலும். மாமி திரும்பவும் பூசினா. இரண்டாம் முறை ஒரு கோழி மாவுக்கு ஆசைப்பட்டு மடியில் பாய்ந்தது. மூன்றாம் முறை மேகம் சூரியனைத் தொடுவதற்குச் சற்று முன்னம், நாலுவரைக்கும் எண்ணிமுடித்தேன். மனிசன் அசையவில்லை. கண்ணில் மட்டும் நீர் கோத்திருந்தது. மாவினால்தான் என்று அன்றைக்கு நினைத்தேன்.

டீ.ஆர்.ஓ. படத்தைப் பார்த்தார், முகத்தைப் பார்த்தார், பேனையைத் திறந்தார். "இப்பதான் போடியார் உங்கட வயசுக்கு வந்திருக்கிறியள்," என்று சொல்லிக் கையெழுத்து வைத்தார். வெளியே வந்ததும் போடியார் என் தலையில் கையை வைத்தார். அடுத்த வெள்ளிக்கிழமை பள்ளியில் முன்வரிசையில் நின்றார்.

பிறகு எரிக்கிற நாள் வந்தது. சொன்ன சொல் சொல்தான். பிலிம் துண்டுகள், கறுத்தத் தாடிப் படம் மூன்று, தும்மல் படம், கோழிப் படம் எல்லாவற்றையும் கொண்டுபோய் முற்றத்தில் குவித்தேன். மாமி கதவடியில் நின்று, "அந்தக் கறுத்ததில ஒண்டை..." என்று தொடங்கினா. போடியார் திரும்பிப் பார்த்தார். மாமி நிறுத்திக்கொண்டா. நான் மாமியைப் பார்த்தேன். மாமி என்னைப் பார்த்தா. என் சட்டைப் பைக்குள், எனக்கென்று மறைத்துவைத்த ஒரு துண்டுப் பிலிம் கிடந்தது, கறுத்தத் தாடிதான். அந்த நேரம் பார்த்து எனக்கு எங்கிருந்து அந்த நாணயம் வந்ததோ தெரியாது. சத்தியம் செய்தவனாயிற்றே. அதையும் எடுத்துக் குவியலில் போட்டு நெருப்பு வைத்தேன். குப்பென்று ஒரு சுவாலை எழும்பியது, போடியார் தாடியைப் பிடித்துக்கொண்டு பின்னால் பாய்ந்தார். எல்லோரும் சிரித்தோம். மாமியும் சிரித்தா.

அவர் ஊரைவிட்டுப் புறப்பட்ட நாள் கடைத்தெரு கொள்ளாத சனம். அந்தச் சிவப்புத் தாடி வாகன யன்னலுக்கு வெளியே காற்றில் பறந்துகொண்டு போனதை நான் பார்த்துக்கொண்டு நின்றேன்.

கடிதம் வந்தது மூன்று மாதம் கழித்து, கூடப்போன அக்கரைப்பற்று ஹாஜியார் எழுதியது. எல்லாக் கடமையும் குறைவில்லாமல் முடிந்ததாம். அதன்பிறகு நாலு நாள் காய்ச்சலாம். மக்காவிலேயே அடக்கினார்களாம். ஊர் திரண்டு போடியார் வீட்டுக்குப் போனது. "குடுத்து வெச்ச மௌத்து," என்றார்கள். "ஆருக்குக் கிடைக்கும் இது?" என்றார்கள். எல்லோரும் மாமிக்கு வாழ்த்துச் சொல்கிறமாதிரிச் சொல்லிவிட்டுப் போனார்கள். நானும் அதைத்தான் சொல்லிவிட்டு வந்தேன்.

விதவை இருக்கவேண்டிய இத்தாக் காலம் முடிந்த பிறகு மாமி என்னைக் கூப்பிட்டு அனுப்பினா. பாஸ்போட்டும் திரும்பி வரவில்லையாம்.

"மருமகன், அந்தக் கறுத்தத் தாடிப் படம் ஒண்டு எங்கயும் கிடக்குமா? கழிச்சுப்போட்டதெண்டாலும் காரியமில்ல. தும்மினதெண்டாலும் தா."

ஸ்டூடியோவைத் தலைகீழாகப் புரட்டினேன். டின்னுக்குள், தேயிலைப் பெட்டிக்குள், மருந்துப் போத்தல்களுக்கு அடியில், தையல்கடைத் துணிக்குப்பைக்குள்ளும் தேடினேன். எங்கள் சேவல் இருந்தது. தென்னை இருந்தது. அடுத்த நாள் போய், வாசலில் நின்று, "இல்ல மாமி, எல்லாத்தையும் நான் எரிச்சிட்டன்" என்று சொன்னேன். சொல்லும்போது எனக்கு அழுகை வந்துவிட்டது. வெட்கமில்லாமல் அழுதேன்.

மாமி அழவில்லை. "நீ என்ன செய்வாய் மகன்," என்றா. "அவர்ர சொல்லைக் கேட்டாய். நானும் அப்பிடித்தான், நாப்பத்தஞ்சு வருஷமாக் கேட்டு வந்தன். அண்டைக்கு ஒருநாள் கேளாம இரிந்திருக்கலாம்."

மாமியும் போய்ச் சேர்ந்து எவ்வளவோ காலம். கடல் ஊருக்குள் வந்த அன்று அந்த நாலு வீட்டில் மூன்று போய்விட்டன. என் ஸ்டூடியோ இருந்த இடத்தில் இப்போது கைத்தொலைபேசி விற்கிறார்கள். போடியாரின் பூட்டப்பிள்ளை ஒருவன் போன கிழமை என்னிடம் வந்தான். குடும்ப வரலாறு எழுதுகிறானாம். அவரைப் பார்த்தவர்களில் மிச்சம் இருப்பது நான் ஒருவன்தானாம்.

"ஆள் எப்பிடி இரிப்பாரு?" என்று கேட்டான்.

"சிவப்புத் தாடி," என்றேன்.

"அது தெரியும். எல்லாரும் அதத்தான் செல்லுறாங்க. முகம்?"

வாயைத் திறந்தேன். மூக்கு கூரா, தட்டையா? கன்னத்தில் மச்சம் ஏதும் இருந்ததா? கண்ணை மூடிக்கொண்டு பார்த்தேன். ஒன்றும் வரவில்லை. உச்சி வெயிலில், கண் வெட்டாமல் இருக்கச் சொல்லி, ஐந்து தடவை எண்ணி எண்ணி அந்த முகத்தைப் பார்த்தவன் நான்.